சவுரியம்மாள் எடுத்த இரண்டு படங்கள்

சவுரியம்மாள் அக்காவுக்குக் கண்தான் பிழைப்பு. ஆம்பூர் டேனரியில் இருபத்திரண்டு வருஷமாக ஆட்டுத் தோலைத் தரம் பிரிக்கிறார். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அதே மேஜையில் எதிர்ப்பக்கம் நிற்கிறவள் நான்.

கட்டுக்கு மூன்று தோல் எடுத்து, பின்பக்கம் சாக்பீஸால் நம்பர் போட்டு, ஜன்னலோரம் விரித்துப் படம் பிடிப்பதும் அவர் வேலை. வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சரக்கு கேட்பார்கள். நம்பர் போட்ட தோல் எங்கள் அலமாரியிலேயே இருக்கும். முன்பு இதற்கென்று ஒரு கேமரா இருந்தது. வயர் மாட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்ற நேரமாகிறது என்று மேனேஜர் புகழேந்தி அதைப் பீரோவில் பூட்டிவிட்டு, போன வருஷம் ஒரு போனைக் கொடுத்தார். அக்கா எடுப்பதோடு சரி, அனுப்புவது ஆபீஸ். அவர் தோலைப் பார்ப்பாரே தவிர படத்தைப் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் மேஜைக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க? படத்துல ஒரு புள்ளி இல்ல. வாங்கினவன் அங்க பிரிச்சா பூரா உண்ணிக் கடியாம். நல்ல தோலைக் காட்டிட்டு வேற தோலை அனுப்பிட்டீங்கன்றான். மாத்தினியா?"

"நானா சார்?"

"கட்டு கட்னது நீதானே? முதலாளி கேட்டா நான் இன்னா சொல்றது?"

மத்தியானம் அக்கா டப்பாவைத் திறக்கவே இல்லை.

"காலெல்லாம் வீங்கிக் கெடக்கு, ரோஸு. போய்ப் படுத்தா போதும்னு இருக்கு. திருடின்னு பேர் வாங்கிட்டு எப்படிப் படுக்கறது?"

நான் ஜெபமாலையில் பத்து மணி உருட்டினேன்.

பிறகு அக்கா எழுந்து, அலமாரியில் அந்தக் கட்டின் தோலைத் தேடி எடுத்தார். கடுகு இறைத்த மாதிரி தழும்பு இருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டுக் கேமராவைக் கேட்டு வாங்கினார். அதே ஜன்னல், அதே தோல். போனில் ஒன்று, கேமராவில் ஒன்று. இரண்டையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தோம். கேமரா படத்தில் தழும்புகளை எண்ணலாம். போன் படத்தில் தோல் மழமழவென்று இருந்தது. தழும்பு இருந்த இடமெல்லாம் பூசி மெழுகினாற்போல.

"என் மூஞ்சியக்கூட அது இப்டித்தான் காட்டுது சார், இருவது வயசு கம்மியா," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. இனிமே ரெண்டுலயும் எடுத்துடு."

"எடுக்கறேன். நான் மாத்தலன்னு சொல்லுங்க சார்."

"அதான் தெரியுதேம்மா."

"தெரியுது. எல்லார் முன்னாடியும்தானே கேட்டீங்க? அங்க வந்து சொல்லுங்க."

வந்தார். மேஜையைச் சுற்றி ஒன்பது பேர் இருந்தோம். "சவுரிம்மா எதையும் மாத்தல," என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மீதிக் கட்டை நான் பிரித்தேன்.