சாச் நாட்டுக் காசு என்று நான் சொன்னது

காரைக்குடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஆள் வராத நேரங்களில் பழைய காசுகளை லென்ஸ் வைத்துப் பார்ப்பது வழக்கம். அந்த வெண்கலக் காசு, பழம்பொருள் கடையில் ஆணியும் தாழ்ப்பாளும் கிடந்த ஒரு டப்பாவில் கிடைத்தது. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். ஒரு பக்கம் தேய்ந்த முகம். மறுபக்கம் கவைக்கம்பு போல ஒரு குறி. சுற்றிலும் இருப்பதை எழுத்து என்று நம்பினால் எழுத்து. தாஷ்கண்ட் பக்கம் இருந்த பழைய சாச் நாட்டுக் காசாக இருக்கலாம் என்று எனக்குப் பட்டது. அந்தக் காசுகளுக்குச் சரியான பட்டியல் கிடையாது. இருக்கிற கொஞ்சமும் ரஷ்ய மொழியில். எனக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

ஆனாலும் கை சும்மா இருக்குமா? நாணய இதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுதி அனுப்பிவிட்டேன். இதே மாதிரி இன்னொரு காசு ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் சாச் என்றே பதிவாகியிருந்தது. என்னிடம் இருந்த ஒரே சான்று அதுதான்.

அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது அந்த இணையப் பக்கத்தை மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் காசைப் பார்க்கவே இல்லை, படத்தில் அதற்கு அடியில் இருந்த தரையைத்தான் பார்த்தாள்.

"இது நம்ம கூடத்துக் கல்லுல்ல? சிலிண்டரு விழுந்து மூலை பேந்தது தெரியுது, பாத்தீகளா?"

எங்கள் வீட்டுக் கூடத்துத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லேதான். காசு வாங்கிய புதிதில் அதைத் தரையில் வைத்துப் படமெடுத்து, சாச்சாக இருக்குமோ என்று ஓர் இணையக் குழுவில் கேட்டிருந்தேன். யாரோ அந்தப் படத்தை எடுத்து, கேள்வியை விட்டுவிட்டுப் பெயரோடு மட்டும் அந்தத் தளத்தில் போட்டிருக்கிறார்கள். நான் துலக்குவதற்கு முன் காசைப் பச்சைக் களிம்பு மூடியிருந்ததால், படத்தில் என் காசே எனக்கு வேறு காசாகத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் கடையில் ஒருவருக்கு இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். மதியம்தான் இதழாசிரியரைத் தொலைபேசியில் அழைக்கத் தைரியம் வந்தது. கட்டுரை சந்தேகமாக இருக்கிறது என்றேன்.

"கவலையே படாதீக. நாங்களும் தேடிப் பாத்தோம். வெளிநாட்டுக்காரனே சாச்னுதான் போட்டிருக்கான்."

"அந்த வெளிநாட்டுக்காரன் நான்தாங்க."

கூடத்துக் கல் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டார்: "அப்ப இது எந்த நாட்டுக் காசு?"

"தெரியலைங்க." சொல்லும்போது அவமானமாகத்தான் இருந்தது.

கட்டுரையை எடுத்துவிட்டார்கள். அந்தப் பதிவை நீக்கச் சொல்லி இணையதளத்துக்கு நான்கு முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. கடையைத் திறந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறேன். போன வாரம் அதன் கீழே ஒருவர் தன் காசின் படத்தைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார். இத்தனை நாளாக என்ன காசென்றே தெரியாமல் வைத்திருந்தாராம். இப்போது தெரிந்துவிட்டதாம்.