சங்க விதியில் சேர்த்த சொல்

நாளிதழில் மெய்ப்புப் பிரிவை மூடியபோது எங்கள் சிலருக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. அச்சுக்குப் போகுமுன் பக்கங்களைப் படித்துப் பிழை திருத்துவதுதான் எங்கள் வேலை. இனி நிருபர்களே தங்கள் செய்தியைச் சரிபார்த்துக்கொள்வார்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

நான் புக்கிட் செந்தோசாவில் இருக்கும் என் வீட்டிலிருந்தே பள்ளிப் பயிற்சி நூல்களைத் திருத்த ஆரம்பித்தேன். மற்றவர்களும் ஆளுக்கொரு ஊரில் அதே வேலையைச் செய்தார்கள். வேலை கிடைத்தது. சந்தேகம் வந்தால் கேட்கத்தான் ஆளில்லை. அலுவலகத்தில் தலையைத் திருப்பி, “இங்க ஒற்று வருமா?” என்றால் போதும், இரண்டு பேர் வரும் என்பார்கள், ஒருவர் வராது என்பார். அந்தச் சண்டை இல்லாமல் வீடு ரொம்ப அமைதியாக இருந்தது.

எங்கள் பிரிவின் மூத்தவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கோல சிலாங்கூர் தோட்டத்தில் பிறந்தவர். ரவாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவுக்கடைக்கு எங்களை வரச்சொன்னார்.

“சங்கம் ஒன்னு வைப்போம்லா. கொடி புடிக்க இல்ல. ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கறதுக்கு” என்றார்.

விண்ணப்பத்தை மலாயில் எழுதிக்கொண்டு சங்கப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். முகப்பில் இருந்த மலாய்க்கார அதிகாரி அதைப் படித்துவிட்டு, “பிழை திருத்துபவர்களா? யாருடைய பிழையை?” என்று மலாயில் கேட்டார்.

“எல்லாருடையதையும், புவான்” என்று அந்த அம்மாவிடம் சொன்னோம்.

அவர் சிரித்தார். பிறகு எங்கள் விண்ணப்பத்தில் இருந்த எழுத்துப்பிழைகளைப் பென்சிலால் வட்டமிட்டு, திருத்திக்கொண்டு வரும்படி திருப்பிக் கொடுத்தார். வாசலுக்கு வரும்வரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சங்கத்தின் விதிகளை அண்ணன்தான் எழுதினார். ‘தமிழ் அச்சுப்படியைப் பார்த்துப் பிழை திருத்துவோர் உறுப்பினராகலாம்’ என்பது அதில் ஒன்று. அதில் ஒரு சொல்கூட மிகையில்லை என்று அவருக்குப் பெருமை. முதல் தலைவரும் அவரே. சங்கம் வந்த பிறகு பதிப்பகங்கள் எங்களுக்குக் கொஞ்சம் நியாயமான கெடு கொடுத்தன. வாட்ஸாப் குழுவில் பழைய சண்டை மறுபடி தொடங்கியது. சந்திப்பிழைக்காக ஒரு வாரம் பேசாமல் இருந்தவர்களும் உண்டு.

சில ஆண்டுகளில் அந்தக் குழுவில் அண்ணன் எழுதுவதை நிறுத்திவிட்டு, குரல் பதிவு மட்டும் அனுப்பினார். சோம்பல் என்று நினைத்தோம். சர்க்கரை நோய் அவர் கண்ணைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

ஆண்டுக்கூட்டத்தை அவர் வீட்டிலேயே வைத்தோம். தலைவர் அறிக்கையை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். நான் வாசித்து முடித்ததும் பேசினார்.

“நான் எழுதின விதிதான். பாத்துத் திருத்தறவங்கதான் உறுப்பினரு. எனக்குப் பாக்க முடியல. தலைவரா மட்டும் இல்ல, உறுப்பினராவும் நான் இருக்கக் கூடாது.”

சமையலறை வாசலில் நின்ற அண்ணி உள்ளே போய்விட்டார்.

செயலாளரான இளம்பெண்தான் பேசினாள். செகிஞ்சானிலிருந்து வருபவள், தொலைக்காட்சி நாடகங்களின் வசனத்தைக் கேட்டுத் திரையின் அடியில் எழுத்தாகப் போடுபவள்.

“அங்கிள், என் வேலையில பாதி காதாலதான் நடக்குது. அப்ப நான் மட்டும் எப்படி மெம்பர்?”

பதிலுக்குக் காத்திராமல், என் பையில் இருந்த கணக்குப் பயிற்சி நூலின் அச்சுப்படியை எடுத்து உரக்க வாசிக்கத் தொடங்கினாள். கால்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் சேர்த்தே வாசித்தாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சில கணக்குகள் போன பிறகு கையை உயர்த்தினார்.

“இரும்மா. அந்தக் கணக்க திரும்பச் சொல்லு.”

“தந்தையின் வயது முப்பது. மகன் தந்தையைவிடப் பத்து வயது இளையவன். மகனின் வயது என்ன?”

“பத்து வயசுலயே அப்பனாயிட்டானாலா?”

எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்தப் பக்கத்தை நான் ஏற்கெனவே முடித்து வைத்திருந்தேன். எழுத்து சரியாக இருந்தது, ஒற்று சரியாக இருந்தது, விடையும் சரிதான்.

அன்றே விதியை மாற்றத் தீர்மானம் போட்டோம். ‘பார்த்து’ என்ற இடத்தில் ‘பார்த்தோ கேட்டோ’ என்று வர வேண்டும். அண்ணன் கடைசிவரை சம்மதம் என்று சொல்லவில்லை. ஆனால், அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் கால்புள்ளி வேண்டாம் என்று மட்டும் சொன்னார். சில மாதங்களில் பதிவு அலுவலகத்தின் ஒப்புதலும் வந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் பத்தாங் பெர்ஜுந்தை வழியாகக் காரோட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன். நான் வாசிப்பேன், அவர் கேட்பார். எங்கள் வாயில் ‘ன’வும் ‘ண’வும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். ஐயம் வந்தால் நிறுத்தி, எந்த எழுத்து என்று கேட்பார். நான் வேகமாக வாசித்தால் கோபித்துக்கொள்வார். இரண்டு பேர் சேர்ந்து செய்வதால் வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனால் முன்னைவிடக் குறைவான பிழைகளோடு போகிறது.

சில நாள் அவருக்கு மனம் சரியிருக்காது. “இன்னிக்கு வேணாம்மா” என்பார். அன்று தாளை மடித்து வைத்துவிடுவேன். அண்ணி பொரித்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு மூவரும் வானொலி கேட்போம். செய்தி தொடங்கியதும் அண்ணன் வாசிப்பவரைத் திருத்த ஆரம்பித்துவிடுவார்.