வெர்னா எண்ணிய தலைகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழே முக்காலுக்கு என் மேசைத் தொலைபேசி அடித்தால் அது வெர்னா டிபெட்ஸ்தான். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. "ரெசிடா தியேட்டர், ஆறாம் ஹால், ஏழு மணி காட்சி. இருநூத்தி முப்பத்தி ஒண்ணு. திருப்பிச் சொல்லு." நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் போனை வைப்பாள்.

தொண்ணூற்று நான்கில் பர்பாங்கில் எங்கள் அலுவலகம் செய்த வேலை இதுதான். திரையரங்குகள் படக் கம்பெனிகளுக்குச் சொல்லும் டிக்கெட் கணக்கு உண்மையா என்று பார்ப்பது. அதற்காக ஆட்களைச் சாதாரணப் பார்வையாளர் மாதிரி உள்ளே அனுப்பித் தலைகளை எண்ணச் சொல்வோம். நான் லூர்டெஸ். எண்களை வாங்கி எழுதுகிறவள். அந்தத் தலை எண்ணுகிறவர்களில் வெர்னாவை மிஞ்ச ஆளில்லை.

சட்டையின் இடது பையில் காய்ந்த அவரை விதைகள் வைத்திருப்பாள். பத்துத் தலைக்கு ஒரு விதை வலது பைக்குப் போகும். படம் தொடங்கிக் கால் மணி நேரம் கழித்து ஒருமுறை, கழிப்பறைக்குப் போனவர்கள் திரும்பியதும் இன்னொருமுறை. மடிக் குழந்தைக்குத் தனி எண்ணிக்கை. "அதுக்கு டிக்கெட் கிடையாது. ஆனா தலை இருக்குல்ல?" என்பாள்.

திங்கட்கிழமைகளில் வார வசூல் பட்டியலைப் பார்க்க அலுவலகத்துக்கே வருவாள். எந்தப் படம் முதலிடம், எது எத்தனை சதவீதம் சரிந்தது, அடுத்த வெள்ளி எவையெல்லாம் வெளியாகின்றன, எல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு எண்ணையும் நம்ப மாட்டாள்.

"ஞாயித்துக்கிழமை காலையிலேயே மூணு நாள் வசூல்னு பேப்பர்காரனுக்குச் சொல்றானுங்க. ஞாயித்துக்கிழமை மேட்டினியே இன்னும் ஆரம்பிக்கல. எங்கேர்ந்து வந்துச்சு அந்தக் காசு?"

"அது மதிப்பீடு, வெர்னா."

"பொய்க்குச் சட்டை மாட்டிவிட்டா மதிப்பீடு."

அவள் இப்படி ஆனதற்குக் காரணத்தை ஒருநாள் அவளாகவே சொன்னாள். இருபது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். எழுபத்தொன்றில் முப்பத்தேழு பிள்ளைகளை மிருகக்காட்சி சாலைக்கு ஏற்றிப் போய்த் திரும்பினாள். "எல்லாரும் இறங்கியாச்சு, நான் எண்ணிட்டேன்" என்று டீச்சர் சொன்னாள். வெர்னா நம்பிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டுப் பூட்டினாள். கடைசி இருக்கைக்கு அடியில் ஒரு பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. செப்டம்பர் வெயில். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். குழந்தை ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தது. "அதுக்கப்புறம் அடுத்தவங்க எண்ணினதை நான் ஏத்துக்கிட்டதே இல்ல," என்றாள்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு வக்கீல் படம் வந்தது. கொலையும் ரத்தமும் அதிகம் என்பதால் பதினேழு வயதுக்குக் கீழே தனியாக வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை. முதல் வெள்ளி வெர்னா எண்ணியது இருநூற்று முப்பத்தொன்று. திரையரங்கு சொன்னது நூற்று ஐம்பத்தெட்டு. அடுத்த வெள்ளி அவள் நூற்றுத் தொண்ணூற்றெட்டு, அவர்கள் நூற்று இருபத்தேழு.

என் முதலாளி ஸெயிட்லின் இரண்டு தாள்களையும் என் முன்னால் போட்டார். "தியேட்டர் மானேஜர் ப்ரூயிட் போன் பண்ணினான். நம்ம வெர்னா படத்துல தூங்கி வழியிறாளாம். சொந்தக்காரங்களுக்கு ஓசி டிக்கெட் கேட்டாளாம், இவன் தரலையாம். அந்தக் கோபத்துல எண்ணை ஏத்திச் சொல்றாளாம்."

"வெர்னாவா?"

"நானும் நம்பல. ஆனா வித்தியாசம் எழுபது தலை. நாளைக்கு நாலு மணி காட்சிக்கு நீ போ. அவளும் வருவா. உன்னைப் பாக்கக் கூடாது."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு நொடி நானும் சந்தேகப்பட்டேன். அறுபத்தொரு வயது, வாரம் மூன்று நாள் இருட்டுக்குள். கண் மங்கியிருக்கலாம். மனசும் மாறியிருக்கலாம், யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை நான்கு மணி காட்சிக்கு மஞ்சள் தொப்பி ஒன்றை இழுத்து மாட்டிக்கொண்டு ஏழாவது வரிசையில் உட்கார்ந்தேன். வெர்னா வழக்கம்போல் கடைசி வரிசை. திரும்பித் திரும்பிப் பார்த்து மூன்று முறை எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு. வெளியே வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டேன். கூட்டம் வெர்னா சொல்கிற அளவுதான், பொய் சொல்கிறவன் ப்ரூயிட்தான் என்று நிம்மதி.

அலுவலகத்துக்கு வந்து உட்காரும்போதே போன்.

"ரெசிடா, ஆறாம் ஹால், நாலு மணி. இருநூத்திப் பதினஞ்சு. திருப்பிச் சொல்லு."

"இருநூத்திப் பதினஞ்சா?" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

"ஏன், உனக்கு எத்தனை வந்துச்சு?"

என் தாளில் இருந்த இருநூற்றுப் பதினான்கைக் கையால் மூடினேன்.

"ஏழாவது வரிசையில மஞ்சள் தொப்பி ஒண்ணு உக்காந்திருந்துச்சு. ஊர்ல உள்ளவங்களை எல்லாம் எண்ணிட்டு அது தன்னை எண்ண மறந்துட்டிருக்கும்."

"வெர்னா, ஸெயிட்லின்தான்..."

"என்னை எண்ணறதுக்கு உன்னை அனுப்பினாரா?" குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "சரி. வேலையைப் பாரு. அஞ்சாம் ஹால்ல குதிரைக்குட்டிப் படம் ஓடுது, வெளியாகி ஏழு வாரம் ஆச்சு. எட்டிப் பாத்தேன். முப்பத்தோரு தலை. அவன் என்ன கணக்குக் குடுத்திருக்கான்?"

அந்தக் காட்சிக்குத் திரையரங்கு அனுப்பியிருந்த கணக்குத் தாளைப் பார்த்தேன். குழந்தைகள் படத்துக்கு நூற்றேழு டிக்கெட். எழுபத்தாறு அதிகம். வக்கீல் படத்துக்கு நூற்று முப்பத்தொன்பது. எழுபத்தாறு குறைவு.

புதுப் படத்தின் முதல் வாரங்களில் வசூலில் பெரும்பங்கு படக் கம்பெனிக்குப் போகும். படம் பழசாக ஆகத் திரையரங்கின் பங்கு கூடும். புதுப் படத்துக்கு வந்தவன் கையில் பழைய படத்தின் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தால் யாருக்கு லாபம் என்று விளக்க வேண்டியதில்லை.

ஸெயிட்லின் ப்ரூயிட்டைக் கூப்பிட்டுக் கேட்டார். அவனிடம் பதில் தயாராக இருந்தது. வயது போதாத பசங்கள் குதிரைக்குட்டிக்கு டிக்கெட் வாங்கிவிட்டு வக்கீல் படத்துக்குள் நழுவிவிடுகிறார்களாம். எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஸெயிட்லினுக்கு அது நியாயமாகப் பட்டது. வெர்னாவுக்குப் படவில்லை.

"நாளைக்கு நீ வர்ற," என்றாள் என்னிடம். "தொப்பி வேண்டாம்."

ஞாயிறு மதியக் காட்சி முடிந்து வக்கீல் படத்துக் கூட்டம் வெளியே வந்தது. ஆளுக்கொரு கதவருகே நின்றோம். "டிக்கெட் துண்டு சேத்து வைக்கிறேன், வேண்டாம்னா குடுங்களேன்," என்று கேட்டாள் வெர்னா. கிழவி ஆசைப்படுகிறாள் என்று பலரும் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். நாற்பத்தாறு துண்டு சேர்ந்தது. பதினேழில் குதிரைக்குட்டி.

அவற்றில் ஒன்றைக் கொடுத்தவர் ஊன்றுகோலும் காது மெஷினுமாக வந்த ஒருவர். வெர்னா அவரை நிறுத்தினாள்.

"ஐயா, என்ன படம் கேட்டு டிக்கெட் வாங்கினீங்க?"

"வக்கீல் படம். ஏன்?"

"இதுல குதிரைக்குட்டினு போட்டிருக்கே."

அவர் துண்டைக் கண்ணருகே கொண்டுபோனார். "குதிரைக்குட்டியா? எனக்கா?"

நான் என் கதவை விட்டு அவள் பக்கம் வருவதற்குள் ப்ரூயிட் வந்துவிட்டான். நீலக் கோட்டும் டையுமாக, நாலு பேருக்குக் கேட்கும்படி பேசினான். "அம்மா, வாசல்ல நின்னு வாடிக்கையாளருக்குத் தொந்தரவு குடுக்காதீங்க. போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. வந்து எண்ணட்டும்."

"சின்னப் பசங்க திருட்டுத்தனமா நுழையறதுக்கு நான் என்ன பண்றது?"

வெர்னா ஊன்றுகோல்காரர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு என்ன வயசு?"

"எழுபத்தி நாலு."

"பெத்தவங்ககிட்ட அனுமதி வாங்கிட்டு வந்தீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ப்ரூயிட் துண்டுகளைப் பிடுங்கக் கை நீட்டினான். வெர்னா அவற்றை என் கையில் திணித்து, "ஓடு, வண்டியை எடு" என்றாள். முட்டி வலியோடு என் பின்னாலேயே வந்து ஏறினாள்.

விஷயம் நீதிமன்றம் வரை போகவில்லை. திரையரங்கின் உரிமையாளர் படக் கம்பெனியோடு சமரசம் செய்துகொண்டார். ப்ரூயிட் வேலையை இழந்தான். மேலிடம் சொல்லித்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டுப் போனானாம். அது உண்மையா, யார் கண்டது? இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஸெயிட்லின் வெர்னாவிடம் மன்னிப்புக் கேட்டார். சம்பளமும் கூட்டினார். இரண்டையும் வாங்கிக்கொண்டாள். வேலையை விடவில்லை. ஆனால் திங்கட்கிழமைப் பட்டியலைப் பார்க்க அலுவலகம் வருவது நின்றுபோனது. போனில் எண்ணைச் சொல்வாள், திருப்பிச் சொல்லக் கேட்பாள், பிறகு ஒரு கேள்வி: "பக்கத்துல வேற யாராவது கேட்டுக்கிட்டிருக்காங்களா?" இல்லை என்பேன். ஐந்து வருடம், ஒவ்வொரு வெள்ளியும் கேட்டாள்.

தொண்ணூற்று ஒன்பதில் முட்டி முடியாமல் போய், பேக்கர்ஸ்ஃபீல்டில் தங்கை வீட்டோடு போய்விட்டாள். அங்கே அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அன்று ஸெயிட்லினிடம் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் போனது இன்னும் உறுத்துகிறது என்று.

பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு தபால் அட்டை. "நீ போகலைன்னா வேற ஒருத்தி போயிருப்பா. அவ எழுபது தலையை விட்டிருப்பா. நீ ஒண்ணுதான் விட்ட," என்று எழுதியிருந்தாள்.

அது மன்னிப்பா, மதிப்பெண்ணா என்று கேட்டு மறுபடி எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை.