கேட்டுக்கு முன்னால் பன்னிரண்டு நொடி

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது குழுவாகச் சேர்ந்து குழுவுக்கு ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். என்ன வகைப் படம் என்று கேட்ட இடத்தில் 'நகைச்சுவை' என்று நான்தான் எழுதினேன். அதுவரை யாரையும் நான் சிரிக்க வைத்ததில்லை. ஆனால் எங்கள் குழுவில் அவன் இருந்தான். அவன் வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்கும். அந்தத் தைரியம்தான்.

நாங்கள் மூன்று பேர். ராஜபாளையத்திலிருந்து போகிற நான் கதை, இயக்கம், எடிட்டிங். கேமராவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோழி ஒருத்தி. நடிக்க, சேத்தூரிலிருந்து தினமும் பைக்கில் வருகிற அவன். அவன் அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். மகன் டிகிரி முடித்ததும் போலீஸில் சேருவான் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தார். விடிந்ததும் ஓட்டப் பயிற்சி முடித்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வருவான்.

கதை ரொம்பச் சின்னது. பார்சல் கொண்டுவந்து கொடுக்கிற ஒருவன். நாய் என்றால் அவனுக்கு நடுக்கம். ஒரு வீட்டு கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' என்று பலகை தொங்குகிறது. உள்ளே நாயே கிடையாது. அது தெரியாமல் அவன் படுகிற பாடுதான் படம். கடைசியில் இல்லாத நாய்க்குப் பயந்து ஓடி, ஒரு கிணற்றில் குதித்துவிடுவான். "ராஜபாளையத்துக்காரி வேற என்ன படம் எடுப்பா?" என்று வகுப்பில் கேலி பண்ணினார்கள். எங்கள் ஊர் நாய்க்குப் பேர்போனது.

கேட் காட்சியைத் தோழியின் வீட்டு வாசலில் எடுத்தோம். ஆண்டாள் கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. கோவில் காரியங்களில் இருக்கிற குடும்பம். "காம்பவுண்டுக்கு வெளிய என்ன வேணா பண்ணிக்கோங்கோ, உள்ள வந்து சத்தம் போடாதீங்கோ" என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

அவன் கேட்டின் கொண்டியில் கையை வைக்க வேண்டும். நாய் குரைத்த மாதிரி தோன்றி அப்படியே உறைய வேண்டும். "ஆக்‌ஷன்" என்றேன். உறைந்தான். அப்படியொரு உறைதலை நான் எதிர்பார்க்கவே இல்லை. கண் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. வாய் மட்டும் எதையோ மெல்வதுபோல் லேசாக அசைந்தது. தோழி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். நான் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டேன். செத்த நேரம் கழித்துக் கண்ணைச் சிமிட்டி எங்களைப் பார்த்து, "ஏட்டி, இப்ப நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டான். இரண்டு பேரும் வெடித்துச் சிரித்தோம். அவனும் சிரித்தான், எங்களுக்குப் பிறகு.

சனிக்கிழமை மதியம் வீட்டில் உட்கார்ந்து எடிட் செய்ய ஆரம்பித்தேன். அம்மா பக்கத்தில் அப்பளத்தை வெயிலில் இருந்து எடுத்து வந்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த கேட் காட்சியைச் சத்தமில்லாமல் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "யாரு இது? சரியான ஆளா இருக்கானே." எனக்குப் பெருமையாக இருந்தது. முகத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி, அந்த நிற்றலை இன்னும் இழுக்கலாமா என்று பார்த்தேன்.

அதற்காக ஹெட்ஃபோன் மாட்டி முதலில் இருந்து ஓட்டியபோதுதான் ஹாரன் கேட்டது. தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு வண்டி எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து அடித்த ஹாரன். காதைக் கிழிக்கிற சத்தம். தோழி அதில் துள்ளியிருக்கிறாள், படமே ஒரு ஆட்டம் ஆடுகிறது. என் குரல் "ஐயோ" என்கிறது. அன்று சிரித்த சிரிப்பில் அது எனக்கு மறந்தே போயிருந்தது. சத்தம் வந்த பக்கம்தான் அவன் முகம் இருந்தது. இமைகூட அசையவில்லை.

நடிப்பில் அவ்வளவு ஊன்றிவிட்டான் என்று முதலில் நினைத்தேன். பிறகு அடுத்த டேக்கை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. சாதாரணமாக, கொஞ்சம் மிகையாக நடித்திருந்தான். அதற்கடுத்த நாள் எடுத்த டீக்கடைக் காட்சியில் மறுபடியும் அது இருந்தது. கையில் டம்ளர், அதே பார்வை, அதே மெல்லுதல். டீ சாய்ந்து சட்டையில் வழிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. வலது கை விரல்கள் சட்டையின் மேல் பொத்தானைத் திருகித் திருகி விடுகின்றன. கேட் காட்சிக்குத் திரும்பிப் போனேன். அங்கேயும் அதே விரல்கள், அதே பொத்தான்.

ஒரு விஷயத்தை இரண்டாவது தடவை அதேபோல் செய்ய அவனுக்கு வராது. அதற்காக நான் அவனோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். இரண்டு கிளிப்பையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நொடியை எண்ணினேன். கேட்டுக்கு முன்னால் பன்னிரண்டு. டீக்கடையில் பதினான்கு.

போனில் தேடினேன். வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் வெட்டி இழுப்பது என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். நின்றபடியே, கண் திறந்தபடியே வருகிற ஒன்றும் உண்டு என்று போட்டிருந்தது. உடனே அவனைக் கூப்பிட்டேன். எடுத்தான். காற்றுச் சத்தம்.

"வண்டில இருக்கேன்ட்டி. வீட்டுக்குப் போய்ப் பேசுதேன்."

"நிறுத்திட்டுப் பேசு" என்று கத்தினேன். அதற்குள் வைத்துவிட்டான். தென்காசி ரோட்டில் எதிரும் புதிருமாக லாரி போகும். பன்னிரண்டு நொடியில் ஒரு பைக் எவ்வளவு தூரம் போகும் என்று என் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் நிற்கவில்லை. அரை மணி நேரம் கழித்து 'வந்துட்டேன், என்ன?' என்று செய்தி வந்தது. 'நாளைக்கு ஷூட்டிங் வேண்டாம்' என்று அனுப்பினேன். 'சித்தப்பாட்ட சொல்லிக் கிணத்துல தண்ணி எறைக்காம வச்சிருக்கேன். ஒழுங்கா ஏழு மணிக்கு வந்து சேரு' என்று பதில் போட்டான். போனில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அது தப்பு என்று பிறகு தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை, அவன் சித்தப்பாவின் தோப்பு இருக்கிற சோழபுரத்துக்குப் போகிற பஸ் தாமதமாகக் கிளம்பியது. தோப்புக்குள் நான் ஓடி நுழையும்போது தோழி கேமராவை ஸ்டாண்டில் மாட்டியிருந்தாள். அவன் பார்சல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுச் சுவர் மேல் நின்றான். பெரிய பம்புசெட்டுக் கிணறு. தண்ணீர் ஆழத்தில் கறுப்பாகத் தெரிந்தது.

"டிரையலுக்கு ஒரு தடவை குதிச்சுக் காட்டுதேன்" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எறங்குலே" என்றேன். எனக்கே கேட்காத குரல். ஓடிப்போய் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். அவன் கால் வழுக்கி உள்பக்கம் சாய்ந்தான். ஒரு கணம் நானே அவனைத் தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன். எப்படியோ என் மேலேயே வந்து விழுந்தான். இருவரும் வாய்க்கால் சேற்றில் கிடந்தோம்.

"கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? செத்திருப்பேன்."

நான் அழுதுவிட்டேன். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, அவனைப் பம்பு அறைப் படிக்கட்டில் உட்கார வைத்து, இரண்டு கிளிப்பையும் காட்டினேன். தோழி பின்னால் நின்று பார்த்தாள்.

"இது நான் நடிச்சது."

"ஹெட்ஃபோன் போட்டுப் பாரு."

மூன்று தடவை பார்த்தான். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டான்: "இந்த ஹாரன் எப்ப அடிச்சது?"

"அந்தத் தண்ணி கேன் வண்டி வந்தப்போ" என்றாள் தோழி.

"எனக்கு இது கேட்கவே இல்லட்டி. அன்னைக்கு டீ எப்படிக் கொட்டுச்சுன்னும் தெரியல. சுட்ட பொறவுதான் தெரிஞ்சுது. ஏழெட்டு மாசமாவே நடுவுல நடுவுல எதையோ விட்டுட்டு வந்த மாதிரி இருக்கும். தூக்கம் பத்தலன்னு நெனச்சேன்."

"வீட்ல சொல்லணும்."

அவன் முகம் மாறிவிட்டது. "போலீஸ் செலக்‌ஷன் இருக்கு. இதைச் சொன்னா முடிஞ்சுது. அப்பா என்னைப் பத்தி யார் யார்ட்ட என்னென்ன சொல்லி வச்சிருக்காருன்னு ஒனக்குத் தெரியுமா? அழிச்சிரு. ரெண்டையும் இப்பவே அழிச்சிரு."

நான் லேப்டாப்பை மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அவன் கையை ஓங்கவில்லை. எழுந்து போய் பைக்கை எடுத்தான். நான் சாவியைப் பிடுங்கப் போனேன். முடியவில்லை. தோழியும் நானும் அவன் போன பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றைக்கு அவனிடமிருந்து செய்தி வரவில்லை. பிறகு அவன் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, ஏதோ பொய் சொல்லி, வீட்டுக்குப் போய்விட்டானா என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை அவன் வகுப்புக்கு வரவில்லை. என் எண்ணையும் தடுத்து வைத்துவிட்டான். நான் சாப்பிடவில்லை. ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வாசலுக்கு ஓடினேன். சொன்னால் அவன் வாழ்க்கை போய்விடும். சொல்லாவிட்டால் அவனே போய்விடுவான். செவ்வாய்க்கிழமை தோழியைக் கூட்டிக்கொண்டு சேத்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

கதவைத் திறந்த அவன் அம்மா எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்கள். என் பெயரைச் சொன்னதும் அவர்கள் முகம் இறுகியது. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்குப் புரிந்தது. "அவன் ஓடப் போயிருக்கான். என்ன விஷயம்த்தா?" என்றார்கள். உள்ளேயிருந்து அவன் அப்பா வந்தார். உயரமான ஆள். "வந்த புள்ளைகள உள்ள கூப்பிடு" என்றார்.

"அங்கிள், ஒரு வீடியோ காட்டணும்" என்றேன்.

கேட் காட்சி ஓடும்போது அவன் அம்மா சிரித்தார்கள். "என்ன முழி முழிக்கான் பாருங்க" என்றார்கள். நான் ஹாரனைக் காட்டினேன். பொத்தானைத் திருகும் விரல்களைக் காட்டினேன். டீ வழிவதைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. அப்பா இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"இம்புட்டு நாளா கூப்பிட்டாத் திரும்ப மாட்டான்" என்றார். "திமிருன்னு நெனச்சேன். ரெண்டு தடவை அடிச்சிருக்கேன்மா."

அவன் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தபோது நாங்கள் அங்கேயே இருந்தோம். என்னைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்னும் பின்னும் யாரிடமும் நான் பார்த்ததில்லை. அவன் அப்பா எழுந்து போய் அவன் கையிலிருந்த பைக் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அவன் தலையில் கை வைத்தார். அவன் அழ ஆரம்பித்தான். நாங்கள் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தோம்.

மதுரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். எதைக் கேட்பதற்கும் முன்னால், வலிப்பு வந்தபோது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று அவர் கேட்டாராம். அவன் அப்பா எனக்குப் போன் போட்டு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். தலையில் ஒயர்களை ஒட்டிப் பரிசோதித்து, நான் பயந்ததுதான் என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பைக் கூடாது, கிணறு கூடாது, தூக்கம் கெடக் கூடாது. டிகிரி முடித்த வருடம் அவன் செலக்‌ஷனுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

படத்தை நான் ஒப்படைத்தாக வேண்டும். அந்த இரண்டு டேக்கையும் எடுத்துவிட்டு, அவன் மிகையாக நடித்திருந்த சாதாரண டேக்குகளை வைத்து வெட்டினேன். கிணறும் இல்லை. அவன் ஓடிப்போய்த் தெருமுனையில் திரும்புவதோடு முடித்தேன். திரையிடலன்று அவன் அப்பாவோடு பஸ்ஸில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நான் திரும்பித் திரும்பி அவன் கையையே பார்த்தேன். அங்கங்கே சிரித்தார்கள், அவ்வளவுதான். எங்கள் ஆசிரியர், "கேட்டுக்கிட்ட இன்னும் கொஞ்சம் நேரம் நிக்க விட்டிருக்கலாம்மா" என்றார். "சரி சார்" என்றேன்.

அவன் என்னிடம் பேச மூன்று மாதம் ஆனது. ஒரு நாள் மத்தியானம் கேன்டீனில் எதிரில் வந்து உட்கார்ந்து, என் தட்டிலிருந்த வடையை எடுத்துத் தின்றுவிட்டு, "நீ சொல்லாம இருந்திருந்தா நான் சொல்லியிருக்கவே மாட்டேன்ட்டி" என்றான். அது நன்றியா கோபமா என்று நான் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

இப்போது அவன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீஸில் வேலை பார்க்கிறான். மாத்திரையைத் தவறவிடுவதில்லை. கடைசியாக அது வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. போன வாரம் கூப்பிட்டான்.

"டாக்டர்ட்ட வண்டி ஓட்டலாமான்னு கேட்கப் போறேன்."

"அவரு என்ன சொல்லுவாரு?"

"அடுத்த மாசம் ஒரு தடவை பாத்துட்டுத்தான் சொல்லுவாராம்."

"அது வரைக்கும் பஸ்ல போ."

"பஸ்லதான இருக்கேன்" என்றான். கண்டக்டர் சேத்தூருக்கு ஆள் ஏற்றுகிற சத்தம் போனில் கேட்டது.