செவ்வாய்க்கிழமைக்காகச் செய்து வைத்த கிழங்கு

நடந்தவை, வரிசையாக:

1. குளிக்கும்போது தம் இடது மார்பில் ஒரு கட்டி இருப்பதை அக்கா கண்டார்.
2. கோட்டயத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், சதை எடுத்துப் பரிசோதிக்க ஒரு செவ்வாய்க்கிழமையைக் கொடுத்தார்கள்.
3. அக்காவின் நாத்தனார் ஜெனிட்டாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் அதே செவ்வாய்க்கிழமை வருவதாகப் பிறகு முடிவாயிற்று.
4. திங்கட்கிழமை மாலையே அக்கா விருந்துக்கான சீஸ் கிழங்கைத் தயாரித்து ஃபிரிட்ஜில் வைத்தார்.
5. செவ்வாய் விடியுமுன் கோட்டயம் பஸ் ஏறினார்.
6. அடிமாலியில் இறங்கி, மூணாறு பஸ்ஸில் திரும்பி வந்தார்.
7. கிழங்கைத் தம் கையாலேயே பரிமாறினார்.

நினைவு மலர்க் கட்டுரையை, இறந்தவர் பிறந்த ஊரிலிருந்து தொடங்குவதே வழக்கம். என்னால் அப்படித் தொடங்க முடியவில்லை. இனி வழக்கப்படி எழுதுகிறேன்.

அக்கா மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில் பிறந்தார். அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. ப்ளஸ் டூ முடித்ததும் அக்கா ஒரு ஹோம்ஸ்டே சமையலறையில் சேர்ந்தார். திருமணத்துக்குப் பிறகும் அந்த வேலையை விடவில்லை. காலையில் அங்கே, மாலையில் மாமியார் வீட்டில் என்று இரண்டு அடுப்புகளையும் பார்த்துக்கொண்டார். யாரையும் அதட்டிப் பேசியதில்லை. கேலி மட்டும் நிறையச் செய்வார்.

சீசன் காலத்தில் ஹோம்ஸ்டே விருந்தாளிகள் டிராஃபிக்கில் மாட்டி எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது. வந்தவுடன் எல்லாருக்கும் சூடாக வேண்டும். காத்திருக்கத் தெரிந்த உணவு எது என்று தேடித்தான் அக்கா சீஸ் கிழங்கைக் கற்றார். அவர் முறையை நான் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பலர் கேட்டிருக்கிறீர்கள்.

காந்தலூர் உருளைக்கிழங்கைத் தோலோடு முக்கால் வேக்காடு வேகவைக்க வேண்டும். முழுக்க வெந்தால் மறுநாள் குழைந்துவிடும். ஆறிய பின் தோலுரித்து வட்டமாக நறுக்கி, வெண்ணெயில் வதக்கிய மைதாவில் பால் ஊற்றிக் கெட்டியாக்கிய குழம்பை இடையிடையே ஊற்ற வேண்டும். அந்தக் குழம்பும் நன்றாக ஆறியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபிரிட்ஜில் தண்ணீர் விடும். துருவிய சீஸில் பாதி உள்ளே. மீதிப் பாதியும் ரஸ்க் தூளும் ஓவனில் வைக்கும்போதுதான், முன்பே தூவினால் நமத்துப் போகும். கண்ணாடிப் பாத்திரமானால் குளிர் விட்ட பிறகே ஓவனுக்குள் போக வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை இவ்வளவையும் செய்துவிட்டு, அக்கா ஜெனிட்டாவைக் கூப்பிட்டு விளக்கியிருக்கிறார்.

“குளுருல இருந்து எடுத்து கொஞ்ச நேரம் வெளிய வையி. அப்புறம் மேல தூவி உள்ள தள்ளு. சிவந்து வந்துச்சுன்னா எடுத்துரு. அழகா இருக்கணும், ஆனா உன்னைவிட அழகா இருந்துறக் கூடாது.”

“மதினி, எனக்குப் பயமா இருக்கு.”

“மாப்பிள்ளைக்கும் இருக்கும். யாருக்கு அதிகம்னு போட்டி.”

நான் தொடுபுழாவில் லேப் டெக்னீஷியன். அன்று விடுப்பு எடுத்து, கோட்டயத்தில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தேன். அக்கா போனில் அழைத்தார்.

“ஏட்டி, நீ வேலைக்குப் போ. நான் திரும்பிட்டேன்.”

“என்னக்கா சொல்ற? பேரு கூப்பிடப் போறாங்க.”

“கிழங்கு சரியா வேகலையாம். இன்னொரு நாள் பாத்துக்கிடலாம்.”

அது உண்மையில்லை. கீமோ வார்டில் படுத்திருந்தபோதுதான் சொன்னார். “கிழங்கெல்லாம் நல்லாத்தான் வெந்துச்சு. ஆளுதான் வேணும்னாங்க.”

அடிமாலிக்கு பஸ் வந்தபோது மாமியார் போனில் கேட்டாராம்: “மூத்த மருமக எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? ஆஸ்பத்திரின்னு சொன்னா, சீக்குக்காரக் குடும்பம்னு காப்பிகூடக் குடிக்காம எந்திரிச்சிப் போயிருவாங்க. அந்தப் பிள்ள வாழ்க்கைய நெனச்சுப் பாரு.” பிறகு அத்தான் போனை வாங்கி, “ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப் போகாது. வந்துரு,” என்றாராம்.

கிழங்கை முந்தின நாளே செய்து வைத்துவிட்டுப் போகலாம். ஒரு மருமகளை அப்படிச் செய்து வைத்துவிட்டுப் போக முடியாது. அக்கா இதைக் கணக்கில் எடுக்கவில்லை.

விருந்து சிறப்பாக நடந்தது. மாப்பிள்ளையின் தாயார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். “இது என்ன தாயி, இவ்வளவு ருசி?” என்றதற்கு அக்காவின் மாமியார் சொன்ன பதில்: “எங்க மருமக கை அப்படி. வீட்ட விட்டு எங்கயும் நகர மாட்டா.”

ஆஸ்பத்திரி கொடுத்த அடுத்த தேதி மழைக்குள் விழுந்தது. மண் சரிந்து சாலை அடைபட்டது. அதற்கடுத்த தேதியில்தான் சதை எடுத்தார்கள். அதற்குள் அக்குளிலும் கட்டி வந்திருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமையே பரிசோதித்திருந்தால் அக்கா பிழைத்திருப்பார் என்று நான் எழுதவில்லை. நான் செய்யும் வேலைக்கு அப்படி எழுதுவது சரியல்ல. பிழைக்க வேண்டும் என்று அவர் முந்தின நாளே எல்லா ஏற்பாட்டையும் முடித்துவிட்டுக் கிளம்பினார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கடைசி மாதங்களில் அக்காவுக்குக் கஞ்சியும் சுட்ட கருவாடும்தான் பிடித்தன. முன்பும் அவைதான். ஆண்டு நினைவுத் திருப்பலிக்குப் பிறகான உணவில் “அவளுக்குப் பிடிச்ச” சீஸ் கிழங்கு வைக்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். அது உங்களுக்குப் பிடித்தது. வைக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். வாராவாரம் வீட்டுக்கு வந்து புண் கட்டிய பஞ்சாயத்தின் வலிதணிப்புச் சிகிச்சை நர்ஸ், பாலியேட்டிவ் சிஸ்டருக்கு நன்றி. மழையிலும் ஜீப் எடுத்து வந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நன்றி. ஜெனிட்டாவுக்கு நன்றி. அன்று அக்கா ஏன் திரும்பி வந்தார் என்பது ஜெனிட்டாவுக்குத் திருமணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து கடைசிவரை, புகுந்த வீட்டிலிருந்து வந்து அக்காவைக் குளிப்பாட்டியவர் அவரே.

ஜெனிட்டாவின் மாமியாருக்கும் நன்றி. அவர் அக்காவைப் பார்க்க வந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அடுத்த ஞாயித்துக்கிழம வந்திருப்போமே தாயி?” அக்கா சிரித்தார்.

இக்கட்டுரையை அத்தான் அச்சுக்கு முன் படித்தார். ஒரு வரியையும் எடுக்கச் சொல்லவில்லை. “என் பேச்சயும் போட்டுட்டியா?” என்று மட்டும் கேட்டார். போட்டிருக்கிறேன் என்றேன். “இருக்கட்டும்,” என்றார்.

இப்போதைய நிலை இது. அக்காவின் மகள் என்னோடு தங்கிப் படிக்கிறாள். நாளைக்கு அவளுக்கும் சம்பந்தம் பேச வேண்டுமே என்று, அக்கா மஞ்சள்காமாலையில் இறந்ததாகவே அவர் மாமியார் வருகிறவர்களிடம் சொல்கிறார். அக்கா இறந்தது மார்பகப் புற்றுநோயால். மகளுக்கு அது தெரியும். எந்த வயதிலிருந்து பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று அவளே டாக்டரிடம் கேட்டு வைத்திருக்கிறாள்.