தோற்ற வக்கீலே போதும்

மாதனூர் மஞ்சுளாவின் வலது கையில் இரண்டு விரல்களை ஷூ கம்பெனியின் கட்டிங் மிஷின் வாங்கிக்கொண்டது. கவனக்குறைவு என்று சொல்லி அவளை வேலையை விட்டும் நிறுத்தினார்கள். கம்பெனி பஸ்ஸில் கூட வந்தவர்கள் எல்லாரும் ஆம்பூரில் ஒரே வக்கீலைத்தான் கைகாட்டினார்கள். ஒரு கேஸிலும் தோற்காதவராம்.

போனாள். அவர் ஆபீஸ் சுவரில் ஒரு போட்டோ. ஆயுத பூஜையன்று அதே கம்பெனி முதலாளி அவருக்குச் சால்வை போர்த்துகிறார். பின்னால் சந்தனமும் குங்குமமும் வைத்து நிற்பது அவள் விரலை எடுத்த மிஷின்.

"பேசி முடிச்சுக்கலாம்மா," என்றார் வக்கீல்.

"யாருக்காகப் பேசுவீங்க சார்?" என்று கேட்டுவிட்டு, மேசைமேல் வைத்த ஆஸ்பத்திரி சீட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் வேலூரில், தொழிலாளர் கேஸ் எடுக்கத் தொடங்கியிருந்த வக்கீல் ஹுமேராவிடம் போனாள். "எந்தக் கம்பெனியயாவது எதுத்து வாதாடி இருக்கீங்களா மேடம்?"

"ரெண்டு கம்பெனிய. ரெண்டுலயும் தோத்துட்டேன். முன்னாடியே சொல்லிட்றேன்."

மஞ்சுளா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தோக்காத வக்கீலப் பார்த்துட்டுத்தான் வர்றேன். எதுத்தே நிக்காதவரு எப்டித் தோப்பாரு? வக்காலத்து பாரத்தக் குடுங்க மேடம். கையெழுத்துப் போட இன்னும் மூணு விரல் இருக்குது."