தவளையின் குளியலறைத் திரை

பூங்கா அலுவலகத்தில் அறிவிப்புப் பலகை எழுதுவது அவர் வேலை. சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கியவர். குளக்கரைப் புல்லை அலுவலகம் காடாக வளரவிட்டபோது, ‘புல்லை வெட்டாதீர், பல்லுயிர் காப்பீர்’ என்று எழுதி நட்டார். ஒரு ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. புல் வெட்டாத சோம்பேறிகள் என்று ஊர் அலுவலகத்தைத் திட்டியதுதான் மிச்சம்.

“உங்க பலகையப் படிச்சா கொட்டாவிதான் வருது. கொஞ்சம் சிரிக்கிற மாதிரி எழுதித் தொலைங்களேன்” என்றாள் மனைவி.

கடுப்பில் எழுதினார்: ‘இந்தப் புல் என் குளியலறைத் திரை. வெட்டினால் மானம் போய்விடும். இப்படிக்கு, தவளை.’

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. வாரம் ஒரு பலகை வேண்டுமென்று நச்சரித்தது. புல் இடுப்புயரம் வளர்ந்தது. நிஜத் தவளைகளும் வந்து சேர்ந்தன. திட்டிய வாயெல்லாம் தவளையை நலம் விசாரித்தது.

மேலதிகாரி கூப்பிட்டுக் கைகுலுக்கினார். “பிரமாதம் சார்! ஜனங்க கூட்டம் கூட்டமா வர்றாங்க. ஒரே குறை, புல்லு பலகைய மறைக்குது. நாளைக்கே வெட்டச் சொல்லிட்டேன்.”

“அப்போ தவளை, சார்?”

“அதான் பலகையில இருக்கே!”